ஏ.எஸ்/400 கன்சல்டன்ட் வேலை: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிகளும் தொழிற்சாலைகளும் கணக்கு வழக்குக்கு வைத்திருக்கும், ஏ.எஸ்/400 என்ற ஐ.பி.எம். நடுத்தர அளவுக் கணினிகளில் வேலை செய்வது என் தொழில். கொழும்பில் கொம்பனி வேலையாகத் தொடங்கியது. இப்போது ஹட்டன் பக்கம் வீட்டிலிருந்தே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் செய்கிறேன். இது ஊரில் தெரிந்த நாளிலிருந்து ஏ.எல். (உயர்தரம்) முடித்த பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், ஐ.சி.டி. ஆசிரியர்கள், வங்கியிலிருந்து விலகி ஊர் திரும்பியவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தந்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. "அண்ணே, ஏ.எஸ்/400ன்னா என்னங்க? நம்ம லேப்டாப் மாதிரியா?"

இல்லை தம்பி. ஒரு நிறுவனத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் சர்வர் அது. ஓடர், ஸ்டொக், பேரேடு, சம்பளம், வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குள் இருக்கும். பெரிய வங்கிகளும் விமானக் கொம்பனிகளும் வைத்திருக்கும் மெயின்ஃபிரேமைவிடச் சிறியது, மேசைக் கணினியைவிட மிகப் பெரியது. அதனால்தான் மிட்ரேஞ்ச் என்கிறார்கள். தரவுத்தளம் இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும், தனியாக வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை.

ஐ.பி.எம். இதை 1988 ஜூன் 21 அன்று அறிமுகப்படுத்தியது. உருவான இடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ரோச்செஸ்டர். பிறகு பெயர் மாறிக்கொண்டே வந்தது. 2000இல் ஐசீரீஸ், 2006இல் சிஸ்டம் ஐ. 2008இல் இயந்திரத்தின் பெயர் பவர் சிஸ்டம்ஸ், அதில் ஓடும் இயங்குதளத்தின் பெயர் ஐ.பி.எம். ஐ. வேலை விளம்பரம் தேடும்போது இந்த எல்லாப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். ஆட்கள் இன்னும் ஏ.எஸ்/400 என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

2. "கறுப்புத் திரையில பச்சை எழுத்து. படத்தைப் பார்த்தேன். செத்துப்போன சாமான்தானே இது?"

திரை பழையது, இயந்திரம் பழையதல்ல. இயங்குதளத்தின் 7.6 பதிப்பு 2025 ஏப்ரலில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் பவர்11 சர்வர்கள் வந்தன. நிறுவனங்கள் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. 1990களில் எழுதிய புரோகிராம் இன்றைய இயந்திரத்திலும் பெரும்பாலும் திருத்தமின்றி ஓடும். முப்பது வருட வியாபார விதிகள் அந்தப் புரோகிராம்களுக்குள் இருக்கும்போது, அவற்றைத் தூக்கி எறிந்து புதிதாக எழுத யாரும் எளிதில் துணிவதில்லை.

அதேநேரம் உண்மையைச் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்கும் நிறுவனங்கள் இதை வாங்குவது அரிது. இந்தச் சந்தை வளரும் சந்தையல்ல. இருக்கும் வேலை நிலையாக இருக்கிறது, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே போகிறார்கள். நமக்கு வாய்ப்பு இருப்பது அந்த இடைவெளியில்தான்.

3. "இலங்கையில இதை யாருங்க வச்சிருக்காங்க?"

முதலில் வங்கிகள். ஐ.சி.பி.எஸ். என்ற கோர் பேங்கிங் (வங்கியின் மையக் கணக்கு) மென்பொருள் இந்த இயந்திரத்தில் ஓடுவது. இங்கே வங்கியில் ஐ.டி. பக்கம் இருந்தவர்களுக்கு அது பழகிய பெயர். அடுத்து ஆடைத் தொழிற்சாலைகள். சுவீடனில் உருவான மூவெக்ஸ், பிறகு எம்3 என்று பெயர் மாறியது, ஏ.எஸ்/400இல் பிறந்த மென்பொருள்தான். அதை வைத்துப் பழகிய ஒரு தலைமுறையே கொழும்பில் இருக்கிறது. இவை தவிரக் காப்புறுதி, மொத்த விநியோகம்.

ஆனால் வேலைச் சந்தையைப் பார்க்கும்போது இலங்கைக்குள் மட்டும் பார்க்காதீர்கள். மலேசியா, சிங்கப்பூர் வங்கிகள், ஐரோப்பியத் தொழிற்சாலைகள், அமெரிக்கக் களஞ்சிய நிறுவனங்கள் ஆகியவற்றின் வேலை கொழும்பு, சென்னை, மணிலா வழியாகவும் நடக்கிறது.

4. "கன்சல்டன்ட்னா புரோகிராம் எழுதுறவரா, இல்ல அட்வைஸ் சொல்றவரா?"

இரண்டுமே. நடைமுறையில் நான்கு வகையாகப் பார்க்கலாம். ஆர்.பி.ஜி. (இந்த இயந்திரத்தின் வியாபாரப் புரோகிராம் மொழி), சி.எல். (இயந்திரத்துக்குக் கட்டளையிடும் மொழி), எஸ்.கியூ.எல். (தரவுத்தளத்தைக் கேட்கும் மொழி) எழுதும் டெவலப்பர்கள்தான் அதிகம். பெக்அப், ஐ.பி.எம். அனுப்பும் பி.டி.எஃப். (PTF) திருத்தங்கள், பாவனையாளர் அனுமதி, மாற்று நிலையத்துக்குத் தரவைப் பிரதி செய்வது ஆகியவற்றைப் பார்க்கும் சிஸ்டம் ஆட்கள் இன்னொரு வகை. மூன்றாவது, ஜே.டி. எட்வர்ட்ஸ், எம்3 போன்ற ஒரு வியாபார மென்பொருள் பொதியை வியாபாரப் பக்கமிருந்து அறிந்தவர்கள். இவர்களில் சிலருக்கு ஒரு வரி புரோகிராம்கூட எழுதத் தெரியாது, ஆனால் கணக்கியலோ கொள்வனவோ அத்துப்படி. நான்காவது, தணிக்கை மற்றும் பாதுகாப்பு. ஆட்கள் குறைவு, கட்டணம் நல்லது.

5. "ஏ.எல். முடிச்சிட்டேன். நேரா கன்சல்டன்ட் ஆகலாமா?"

முடியாது. பத்துப் பேர் கேட்டால் பத்துப் பேருக்கும் இதையே சொல்கிறேன். கன்சல்டன்டுக்கு நாள் கணக்கில் பணம் கொடுப்பவர், சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை இல்லாத ஆளைத்தான் எடுப்பார். இரவு இரண்டு மணிக்கு நாள்முடிவு ஓட்டம் (அன்றைய கணக்குகளை முடித்துவைக்கும் வேலை) நின்றுபோனால் எந்த ஜொப் லொக்கை (வேலைப் பதிவை) பார்ப்பது, எந்த ஃபைலை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, மேலாளரை எழுப்புவதா விடிய விடுவதா என்பதெல்லாம் ஒரு நிறுவனத்துக்குள் இருந்து பார்த்தால்தான் வரும்.

ஆகவே வழி இதுதான். முதலில் ஒரு வங்கியிலோ, மென்பொருள் கொம்பனியிலோ, தொழிற்சாலையின் ஐ.டி. பிரிவிலோ சம்பளத்துக்குச் சேருங்கள். ஐந்தாறு வருடம் ஒரே துறையில் நில்லுங்கள். பிறகு தனியாகப் போவதைப் பற்றி யோசிக்கலாம். துறை என்று நான் சொல்வது கணினித் துறையை அல்ல. வங்கி என்றால் வங்கி, ஆடை என்றால் ஆடை.

6. "கெம்பஸ் கிடைக்கல்ல. டிகிரி இல்லாம எடுப்பாங்களா?"

முதல் வேலைக்கு ஏதோ ஒரு தகைமை கேட்பார்கள். மொறட்டுவை, பேராதனை கிடைக்கவில்லை என்றால் கதை முடியவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரி பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) பட்டத்தை வேலை செய்துகொண்டே முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கண்டி, பதுளை, நாவலப்பிட்டி உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள் நம் பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் இருப்பவை. அங்கே எந்தப் பாடநெறிகள் நடக்கின்றன என்று விசாரித்துப் பாருங்கள். பி.சி.எஸ். (பிரிட்டிஷ் கம்பியூட்டர் சொசைட்டி) தகைமையையும் கொழும்பு நிறுவனங்கள் மதிக்கின்றன.

கணக்கியல் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வர்த்தகப் பிரிவில் படித்துவிட்டோம், ஐ.டி. நமக்கில்லை என்று ஒதுங்க வேண்டாம். பற்று, வரவு, தேய்மானம், இருப்பு மதிப்பீடு புரிந்த ஒருவருக்கு ஆர்.பி.ஜி. கற்பிப்பது எளிது. மறுபக்கம், புரோகிராம் மட்டும் தெரிந்தவருக்குக் கணக்கியலைப் புரியவைக்க நான் நிறையப் பாடுபட்டிருக்கிறேன்.

7. "மூணு மாச கோர்ஸ், முடிச்சதும் வேலை நிச்சயம்ங்கிறாங்க. அம்மா நகையை அடகு வைக்கப்போறாங்க. சேரட்டுமா?"

வேண்டாம். நகையை அடகு வைக்காதீர்கள். வேலை நிச்சயம் என்று எந்தப் பயிற்சி நிலையத்தாலும் சொல்ல முடியாது. வேலை கொடுப்பது அவர்கள் அல்ல. அப்படியும் சேர ஆசையென்றால் முதலில் மூன்று விஷயங்களை நேரில் கேளுங்கள். பயிற்சிக்கு உண்மையான ஐ.பி.எம். ஐ இயந்திரத்தில் உங்கள் பெயரில் கணக்கு தருவார்களா? கற்பிப்பவர் எந்தத் துறையில் வேலை பார்த்தவர்? முன்னர் படித்த இரண்டு பேருடன் போனில் பேச முடியுமா? பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

8. "அப்போ காசு இல்லாம எப்படிங்க படிக்கிறது?"

பப்400.காம் என்று ஒரு பொது இயந்திரம் ஜெர்மனியில் இருக்கிறது. உண்மையான ஐ.பி.எம். ஐ. இலவசமாகக் கணக்குத் தருகிறார்கள். கொஞ்ச இடமே கிடைக்கும், பழகுவதற்கு அது போதும். எழுதுவதற்கு வி.எஸ். கோடும், அதில் சேர்க்கும் 'கோட் ஃபார் ஐ.பி.எம். ஐ' என்ற நீட்சியும் இலவசம். ஐ.பி.எம். வெளியிடும் ரெட்புக்ஸ் நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. சிஸ்டம் நிர்வாகத்தை மட்டும் அங்கே பழக முடியாது, பொது இயந்திரத்தில் யாருக்கும் அந்த அதிகாரம் தரமாட்டார்கள்.

என்ன எழுதிப் பழகுவது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். புத்தகத்தில் இருக்கும் உதாரணத்தை அப்படியே அடிக்கிறார்கள், இரண்டு வாரத்தில் அலுத்துவிடுகிறது. நான் சொல்வது, தோட்டத்துச் செக்ரோலை, அதாவது தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவை, புரோகிராமாக எழுதுங்கள். வீட்டில் அப்பாவோ அம்மாவோ வாங்கும் சம்பளச் சிட்டையை எடுத்து முன்னால் வையுங்கள். முழுப் பெயர் (முழுநாள் வேலை) விழுந்த நாள் எத்தனை, அரைப் பெயர் (அரைநாள்) எத்தனை, நோர்முக்கு (நாளுக்குப் பறிக்க வேண்டிய அளவுக்கு) மேல் பறித்த கிலோ எவ்வளவு, சேமலாப நிதிக்கு 8% எவ்வளவு, தீபாவளி முற்பணத்தில் இந்த மாதம் எவ்வளவு கழித்தார்கள், சங்கச் சந்தா, கடைசியில் கைக்கு வருவது. இத்தனையும் ஒரு சம்பள மென்பொருளின் முழு உடம்பு. தொழிலாளி ஃபைல் ஒன்று, தினவரவு ஃபைல் ஒன்று, கழிவு ஃபைல் ஒன்று, மாத முடிவில் ஓடும் புரோகிராம் ஒன்று, அச்சிடும் சிட்டை ஒன்று.

எழுதத் தொடங்கினால் கேள்விகள் தாமாக வரும். மாத நடுவில் கூலி மாறினால்? ஒருவர் இரண்டு டிவிஷனில் வேலை செய்தால்? கழிவு சம்பளத்தைவிட அதிகமானால் மீதியை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவது எப்படி? மாத முடிவு ஓடிய பிறகு, 12ஆம் திகதிக் கிலோ பிழை என்று கணக்கப்பிள்ளை வந்து நின்றால்? நேர்முகப் பரீட்சையில் இதை விளக்கும் பிள்ளையை எந்த மேலாளரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார். பெருந்தோட்டங்கள் 1992இல் பிராந்தியக் கொம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து எத்தனையோ மென்பொருள் வந்துவிட்டன. சிட்டையை வாங்குகிற வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும் நுணுக்கம் அவற்றை எழுதியவர்கள் எல்லோருக்கும் இருந்ததில்லை.

9. "ஆர்.பி.ஜி. மட்டும் படிச்சா போதுமா? பழசா, புதுசா எதைப் படிக்கணும்?"

ஆர்.பி.ஜி. 1959இல் பிறந்த மொழி. ஆனால் இன்று எழுதும் வடிவம் வேறு. 1994இல் நான்காம் வடிவம் வந்தது. அதற்கு 2013இல் வந்த, கட்டம் பாராமல் எழுதும் சுதந்திர வடிவம் இப்போதைய பிள்ளைகள் பார்த்தால் பயப்படாத மொழி. அதைத்தான் முதலில் படியுங்கள். பிறகு குறித்த கட்டங்களுக்குள் எழுதும் பழைய வடிவத்தை வாசிக்கப் பழகுங்கள். எழுத வேண்டிய தேவை அரிது, வாசிக்க வேண்டிய தேவை தினமும் வரும்.

எஸ்.கியூ.எல். கட்டாயம். சி.எல். கட்டாயம். புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) தெரிந்திருந்தால் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்பீர்கள், ஏனென்றால் பழைய ஆட்கள் பலர் அதைத் தொட்டதில்லை.

10. "எங்க தோட்டத்துல சிக்னல் ஒரு கோடுதான். மழை பெய்ஞ்சா கரண்டும் போயிடும். இங்கிருந்து எப்படிச் செய்றது?"

இந்த இயந்திரத்தின் பச்சைத் திரை நமக்கு இதில் கைகொடுக்கிறது. ஒரு திரை என்பது 24 வரி, 80 நிரல், மொத்தம் 1,920 எழுத்து. படமில்லை, வீடியோ இல்லை. பலவீனமான சிக்னலிலும் வேலை ஓடும். டேட்டாவைத் தின்பது கூட்டங்கள்தான். கூட்டத்தில் கமராவை அணைத்துவிட்டு, குரலுக்குப் போன் அழைப்பைப் பயன்படுத்த வாடிக்கையாளரிடம் முன்னரே சொல்லிவைக்கலாம்.

கரண்ட் விஷயத்தில் ஒரு பழக்கத்தை விடாதீர்கள். நீண்ட வேலையை உங்கள் திரையிலேயே ஓட்டாமல், சர்வரின் பின்னணியில் ஓடும் பேட்ச் வேலையாகச் சமர்ப்பியுங்கள். அப்போது இங்கே இடி விழுந்து ரூட்டர் செத்தாலும் அங்கே சர்வரில் வேலை தன்பாட்டில் ஓடி முடியும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை நகரங்களில் ஃபைபர் கிடைக்கும் இடங்கள் உண்டு. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது, ஆனால் தொடக்கச் செலவு பெரிது. வருமானம் வந்த பிறகு பார்க்கலாம். இரண்டு வெவ்வேறு வலையமைப்பு சிம், லேப்டாப் பற்றரி, ரூட்டருக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ். இவ்வளவோடு தொடங்குங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் வேலையைப் பார்க்காதீர்கள். வாடிக்கையாளருக்கு ஒரு செய்தி போட்டுவிட்டு வீட்டாரோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். எந்த டெட்லைனும் அதைவிடப் பெரிதல்ல.

11. "என் இங்கிலீஷ் சுமார்தான்னு மகள் தயங்குறா. தடையா?"

பேச்சைவிட எழுத்து முக்கியம். என்ன பிழை, எப்போது வந்தது, என்ன பார்த்தேன், என்ன செய்யப்போகிறேன் என்று நான்கு வரியில் தெளிவாக மின்னஞ்சல் எழுதத் தெரிந்தால் முதல் இரண்டு வருடம் தாராளமாக ஓடும். பேச்சு தானாக வரும். சிங்களம் தெரிந்தால் கொழும்பில் முதல் வேலைக்கு அது பெரிய துணை. நம் பிள்ளைகளில் பலருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது.

12. "சம்பளம் எவ்வளவுங்க சேர் வரும்?"

தொகை சொன்னால் நாளை மாறிவிடும், அதனால் கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன். சம்பள வேலையில் நீங்கள் பார்க்கும் தொகைக்கு மேல் முதலாளி சேமலாப நிதிக்கு 12%, நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3% கட்டுகிறார். மாதம் 3,00,000 ரூபாய் சம்பளம் என்றால் இன்னொரு 45,000 உங்கள் பெயரில் போகிறது. அதோடு சம்பளத்துடன் லீவு, மருத்துவக் காப்புறுதி, போயா விடுமுறை. கன்சல்டன்டுக்கு இவை எதுவும் இல்லை. வேலை செய்த நாளுக்கு மட்டும் பணம்.

வருடத்தில் சனி, ஞாயிறு, விடுமுறை, நோய், வேலை தேடும் நாட்கள் போக 200 நாளுக்குப் பணம் வந்தால் அது நல்ல வருடம். ஆகவே உங்கள் வருடச் சம்பளத்தோடு மேலே சொன்ன எல்லாவற்றையும் கூட்டி, 200ஆல் வகுத்து, அதற்கு மேல் மடிக்கணினி, இணையம், வேலையில்லாத மாதத்துக்கான ஒதுக்கம் எல்லாம் சேர்த்துத்தான் நாள் கட்டணம் சொல்ல வேண்டும். நாள் கட்டணத்தை 30ஆல் பெருக்கி அதுதான் மாத வருமானம் என்று மகிழ்பவர்கள் ஆறாவது மாதம் திணறுகிறார்கள்.

13. "பொம்பளப் பிள்ளையை கொழும்புக்கு அனுப்பப் பயமா இருக்குங்க. வீட்டிலிருந்தே தொடங்க முடியாதா?"

பயம் நியாயமானது. ஆனால் 5ஆம் கேள்வியில் சொன்ன காரணத்தால், முதல் சில வருடம் ஆட்களோடு உட்கார்ந்து கற்பது பெரிய வித்தியாசம். கண்டியில் வேலை கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். கொழும்பென்றால், வேலையை ஏற்கும் முன் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும், இரவில் கொம்பனி வாகனம் விடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாள்முடிவு வேலை இரவில்தான் நடக்கும், அதனால் இது சும்மா கேட்கும் கேள்வியல்ல. உறவினர் வீடோ, தெரிந்தவர் நடத்தும் விடுதியோ ஏற்பாடு செய்துவிட்டு அனுப்புங்கள்.

இந்தத் துறையில் திறமையான பெண்கள் நிறைய இருக்கிறார்கள், அனுபவம் வந்த பிறகு பிள்ளை குட்டிகளோடு வீட்டிலிருந்து செய்பவர்களும் உண்டு. முதல் மூன்று வருடத்தை மகளுக்கு விட்டுக்கொடுங்கள். இதை எந்தத் தாய் தந்தை கேட்டாலும் கெஞ்சித்தான் சொல்கிறேன்.

14. "வங்கியில இருபது வருஷம் இதே சிஸ்டத்தில இருந்தேன். வயசு 48. ஊருக்கு வந்துட்டேன். இனி எடுப்பாங்களா?"

ஐயா, கேட்பவர்களில் மிக நல்ல நிலையில் இருப்பது நீங்கள்தான். வட்டிக் கணிப்பு, காசோலைத் தீர்ப்பனவு, நாள்முடிவு, வருடமுடிவு எல்லாம் கையில் இருக்கிறது. குறைவது 9ஆம் பதிலில் சொன்ன புது விஷயங்கள் மட்டும். ஆறு மாதம் அதில் உட்காருங்கள். பழைய சகாக்களுக்குச் சொல்லி வையுங்கள். இந்த வயதில் வேலை விளம்பரம் வழியாக வருவது குறைவு, தெரிந்தவர் சொல்லித்தான் வரும்.

பழைய வங்கியின் புரோகிராம், ஆவணம் எதையும் கூடக் கொண்டுவந்திருந்தால் வெளியில் காட்ட வேண்டாம். அது உங்கள் சொத்தல்ல.

15. "நாங்க லயத்துல இருக்கோம். வீட்டுப் பேர்ல பில் ஒண்ணும் இல்ல. பேங்க் கணக்கு, ஒப்பந்தமெல்லாம் எப்படி?"

லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத சிக்கல் இது. தனி முகவரி இல்லை, கடிதம் தோட்டக் கந்தோர் வழியாக வருகிறது, எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குப் போகுமுன் அதை ஏற்பார்களா என்று கிளையில் கேட்டுவிடுங்கள். ஒரு கிளை மறுத்தால் இன்னொன்றில் கேளுங்கள். அட்டை, கடிதம் வருவதற்கு நகரத்தில் நம்பிக்கையான ஒருவரின் கடை முகவரியைத் தொடர்பு முகவரியாகக் கொடுப்பது பலரும் செய்வது.

ஒப்பந்தங்கள் இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே முடிகின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர் யாரும் இதுவரை என்னிடம் லயமா பங்களாவா என்று கேட்டதில்லை. சி.வி.யில் ஊர்ப் பெயரை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

16. "வெளிநாட்டுக் காசு எப்படி வந்து சேரும்? வரி கட்டணுமா?"

வங்கிக்கு நேரடியாக ஸ்விஃப்ட் என்ற சர்வதேச வங்கிப் பரிமாற்றம் மூலம் வாங்கலாம். தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறந்தால் டொலராகவே வைத்திருக்கலாம். பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை வழியாகவும் பலர் வாங்குகிறார்கள். எதுவானாலும் பணம் இலங்கையில் உள்ள ஏதாவது ஒரு வங்கி வழியாக வர வேண்டும், வரிச் சலுகைக்கு அது நிபந்தனை.

வரி உண்டு. வெளிநாட்டுக்கு வழங்கும் சேவையில் வரும் நாணயத்துக்கு 2025 மார்ச் 31 வரை விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதிகபட்சம் 15% என்ற உச்சவரம்போடு வரி வந்தது. தனிநபர் நிவாரணம் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய். அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6%, மீதிக்கு 15%. வருடம் 36 இலட்சம் வருமானமென்றால் 18 இலட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 10 இலட்சத்துக்கு 60,000, மீதி 8 இலட்சத்துக்கு 1,20,000, ஆக 1,80,000 ரூபாய். இது 2025/26 வரி ஆண்டின் விதி. வரவு செலவுத் திட்டங்களில் மாறக்கூடும், கட்டுமுன் சரிபாருங்கள். வரி இலக்கம் எடுத்து, அறிக்கையை நவம்பர் 30க்குள் கொடுத்துவிடுங்கள். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி முதலில் கேட்பது இந்த அறிக்கைகளைத்தான்.

17. "தாய்லாந்தில ஐ.டி. வேலை, டிக்கட் அவங்களே போடுறாங்களாம். டெலிகிராமில வந்துச்சு. போகவா?"

போகாதீர்கள். இப்படித் தாய்லாந்து, டுபாய் என்று அழைத்துப் போய் மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைத்து வைக்கப்பட்ட இலங்கையர்களை 2024இல் தூதரகம் தலையிட்டு மீட்டது செய்திகளில் வந்தது. அடி, மின்சார அதிர்ச்சி எல்லாம் அனுபவித்து வந்தவர்கள் அவர்கள். எந்த வெளிநாட்டு வேலையானாலும் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குக் கூப்பிட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள். உண்மையான ஏ.எஸ்/400 வேலைக்கு ஒரு தொழில்நுட்ப நேர்முகமாவது இருக்கும். எதுவும் கேட்காமல் வேலை கொடுப்பவருக்கு வேண்டியது உங்கள் திறமை அல்ல.

18. "ராத்திரி முழுக்க முழிச்சிருக்கணுமா?"

வாடிக்கையாளரைப் பொறுத்தது. சிங்கப்பூர், கோலாலம்பூரில் காலை 9 மணி நமக்கு 6.30. டுபாயில் 9 மணி நமக்கு 10.30. லண்டனில் 9 மணி நமக்குக் கோடையில் 1.30, குளிர்காலத்தில் 2.30. இவை எல்லாம் மனிதர் வாழக்கூடிய நேரம். நியூயோர்க்கின் காலை 10 மணிதான் இங்கே இரவு 7.30 அல்லது 8.30. அமெரிக்க வேலையை எடுக்கும் முன் எத்தனை மணிநேரம் அவர்களோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்று பேசி எழுதி வாங்குங்கள். மூன்று மணிநேரம் என்றால் சமாளிக்கலாம். முழு நாளும் என்றால் உடம்பு தாங்காது.

19. "ஏஜென்சி வழியா போறதா, நேரா வாடிக்கையாளர்கிட்ட போறதா?"

முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் ஏஜென்சி வழியாகத்தான் கிடைக்கும், அதில் வெட்கம் இல்லை. அவர்கள் நடுவில் எடுக்கும் பங்குக்குப் பதிலாக வாடிக்கையாளரைத் தேடித் தருகிறார்கள், பணத்தைத் துரத்துகிறார்கள். ஒப்பந்தத்தில் இவற்றைப் பாருங்கள்: பணம் எத்தனை நாளில் வரும், வாடிக்கையாளர் ஏஜென்சிக்குக் கட்டாவிட்டாலும் உங்களுக்குக் கட்டுவார்களா, இரு பக்கமும் எத்தனை நாள் முன்னறிவித்தல், முடிந்த பிறகு எத்தனை மாதம் அதே வாடிக்கையாளரிடம் நேராகப் போகக்கூடாது. கடைசி விதியை மீறிக் குறுக்கு வழியில் போகாதீர்கள். இந்தச் சந்தை சிறியது, பெயர் கெட்டால் திரும்பக் கட்ட முடியாது.

இன்னொன்று, வாடிக்கையாளர்களின் பெயர், கணக்கிலக்கம் உள்ள உண்மைத் தரவை உங்கள் மடிக்கணினிக்கு இறக்காதீர்கள். இலங்கையிலேயே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு அதைவிடக் கடுமையான விதிகள். சோதனைக்கு மாற்றியமைத்த தரவு கேளுங்கள்.

20. "ஏ.ஐ. வந்து ஆர்.பி.ஜி.யையும் எழுதிடுமே?"

எழுதும், எழுதுகிறது. ஐ.பி.எம். நிறுவனமே ஆர்.பி.ஜி.க்கென உதவியாளரை உருவாக்கப்போவதாக 2024இல் அறிவித்தது. பழைய புரோகிராமை வாசித்து விளக்கச் சொன்னால் நன்றாகவே உதவுகிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த விதி ஏன் எழுதப்பட்டது, இன்றும் தேவையா, மாற்றினால் எந்த அறிக்கை பிழையாகும் என்பது புரோகிராமில் இருக்காது. கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவரிடம் கேட்டால்தான் தெரியும். வெறுமனே புரோகிராம் அடித்துக் கொடுக்கும் வேலை குறையும் என்றுதான் நினைக்கிறேன். 4ஆம் பதிலில் சொன்ன முதல் வகையில் மட்டும் நிற்காமல் மூன்றாம் வகையை நோக்கி நகருங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

21. "எங்க வாடிக்கையாளர் மெஷினையே தூக்கிட்டு வேற சிஸ்டத்துக்குப் போறாங்களாம். என் கதை முடிஞ்சுதா?"

உடனே முடியாது. இப்படியான மாற்றங்கள் சொன்ன திகதியில் முடிவது அரிது, அதுவரை பழையதை ஓட்ட ஆள் வேண்டும். தரவை எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டும், அங்கேதான் உங்கள் அறிவு தேவைப்படும். எழுத்துக்குறிகள் எப்சிடிக் என்ற ஐ.பி.எம். குறியீட்டு முறையில் இருக்கும். எண்கள் பொதிந்த தசமமாக, அதாவது இடம் மிச்சப்படுத்த இலக்கங்களை நெருக்கி வைத்த வடிவில், இருக்கும். திகதி 1250401 என்று இருக்கும், அதன் முதல் 1 என்பது இந்த நூற்றாண்டு, அதாவது 2025 ஏப்ரல் 1. ஃபைலில் பயன்படுத்தாத ஒரு நிரலில் (புலத்தில்) யாரோ 1997இல் கழிவு வீதத்தை எழுதி வைத்திருப்பார்கள். இதையெல்லாம் அறிந்தவர் இல்லாமல் புதுப் பக்கத்து ஆட்கள் நகர முடியாது.

ஆனால் ஒரு நாள் முடியும். அதனால் அந்த மாற்றத் திட்டத்துக்குள் உங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். புதுச் சிஸ்டத்தின் வியாபாரப் பக்கத்தைக் கூடவே கற்றுக்கொண்டால் அடுத்த வேலை அங்கிருந்தே வரலாம்.

22. "அந்த சிஸ்டம் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். இப்போ விலையை ஏத்தட்டுமா?"

ஏற்றலாம், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில், காரணம் சொல்லி. நாள்முடிவு நின்றுபோன இரவில் பேரம் பேசாதீர்கள். அன்று கொடுப்பார்கள், அடுத்த வாரமே உங்களுக்கு மாற்றுத் தேடத் தொடங்குவார்கள்.

செய்வதை எழுதி வையுங்கள். எழுதிக் கொடுத்தால் தேவையில்லாமல் போய்விடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் எழுதிக் கொடுத்தவரைத்தான் அடுத்த திட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். கூடவே ஒரு இளையவரைப் பழக்கத் தனிக் கட்டணம் கேளுங்கள், மாதத்துக்கு இத்தனை மணிநேரம் என்று. அந்த இளையவர் நம் ஊர்ப் பிள்ளையாக இருக்க வேண்டுமென்று வாடிக்கையாளரிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நான் கேட்டிருக்கிறேன், ஒருமுறை சம்மதித்தார்கள்.